நேதாஜியின் ‘ஹோலோகிராம்’ ஹோலோகிராம் அன்று

2022 ஜனவரி 23 மாலை, புதுதில்லி இந்தியா கேட்டை அடுத்த கல்மண்டபத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் உருவம் ஒளியாக எழுந்து நின்றது. உயரம் 28 அடி, அகலம் 6 அடி. 1968 வரை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை இருந்து, அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெறுமையாகக் கிடந்த மண்டபம் அது. அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று கருங்கல் சிலை திறக்கப்பட்டது. அதுவரை இருந்த ஒளியுருவத்தை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ‘ஹோலோகிராம் சிலை’ என்றே அழைத்தன. நாமும் அப்படியே அழைத்தோம்.

அது ஹோலோகிராம் அன்று. 30,000 லூமென் ஒளிர்வுள்ள 4கே படவீழ்த்தி ஒன்று, 90 விழுக்காடு ஒளி ஊடுருவக்கூடிய, பார்வையாளர் கண்ணுக்குப் புலப்படாதபடி நிறுத்தப்பட்ட திரையின்மீது வீழ்த்திய படம் அது. அரசின் செய்திக்குறிப்பும் ஹோலோகிராமின் தோற்ற விளைவை உண்டாக்கும் பொருட்டுப் படம் வீழ்த்தப்படுகிறது என்றுதான் விளக்கியது. அந்தக் கவனமான சொற்சேர்க்கை தலைப்புச் செய்தி ஆவதற்குள் உதிர்ந்துவிட்டது.

இதைச் சொற்சண்டை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு கலை ஊடகத்தின் பெயர், அதைப் பார்ப்பவருக்கு அளிக்கப்படும் ஒரு வாக்குறுதியும்கூட. ‘ஒளிப்படம்’ என்று எழுதி ஓவியத்தைத் தொங்கவிட்டால் ஏமாற்றப்பட்டதாக உணர்வோம். ‘மூலப்பிரதி’ என்று எழுதி நகலை வைத்தால் வழக்கே தொடுப்போம். ஹோலோகிராம் என்ற சொல்லும் அத்தகைய வாக்குறுதி ஒன்றைச் சுமக்கிறது. அது என்ன என்பதையும், அந்தமானில் அது ஏன் கூடுதலாகப் பொருட்படுகிறது என்பதையும் இப்பதிவில் சொல்ல முயல்கிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் டென்னிஸ் காபோர் 1947இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்த முயன்றுகொண்டிருந்தபோது இம்முறையைக் கண்டறிந்தார். அதற்காக 1971இல் நோபல் பரிசு பெற்றார். கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை, ‘கிராம்மா’ என்றால் எழுதப்பட்டது. இதன் உறவுச்சொல் ஒன்று சட்டத்துறையில் நெடுங்காலமாக வழங்குகிறது: ‘ஹோலோகிராஃப்’. உயில் எழுதியவர் பிறர் கை படாமல் தம் கையாலேயே முழுவதும் எழுதிய ஆவணத்துக்கு அப்பெயர். இந்திய நீதிமன்றங்களும் அத்தகைய உயிலுக்குக் கூடுதல் நம்பகத்தன்மை அளித்துவந்துள்ளன. எழுதியவரின் கையே அங்கு சாட்சி.

காபோரின் கண்டுபிடிப்பிலும் இதுவே நிகழ்கிறது. எழுதும் கை மட்டும் வேறு. லேசர் ஒளிக்கற்றை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று பொருளின்மீது பட்டுச் சிதறி ஒளியுணர் தகட்டை அடைகிறது. மற்றொன்று பொருளைத் தொடாமல் நேரே தகட்டுக்கு வருகிறது. இரண்டும் சந்திக்கும்போது உண்டாகும் குறுக்கீட்டு வரிகளைத் தகடு பதிந்துகொள்கிறது. சாதாரண ஒளிப்படம் ஒளி எவ்வளவு வந்தது என்பதை மட்டும் பதிகிறது. ஹோலோகிராம் அந்த ஒளியலை எந்தக் கட்டத்தில் வந்தது என்பதையும் சேர்த்துப் பதிகிறது. பின்னர் தகட்டின்மீது உரிய கோணத்தில் ஒளியைப் பாய்ச்சினால், பொருளிலிருந்து அன்று புறப்பட்ட அலைமுகமே மீண்டும் உருவாகிறது. பொருள் அங்கில்லை, அதன் ஒளி அங்கிருக்கிறது.

இதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பதிவின்போது பொருளும் தகடும் அசையக் கூடாது. சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். அதில் ஒரு சிறு பகுதி அளவு நகர்ந்தாலே வரிகள் அழிந்துவிடும். மூச்சுவிடும் மனிதரைப் பதிவது இதனால் நெடுநாள் இயலாதிருந்தது. கணப்பொழுதுத் துடிப்பு லேசர் வந்த பிறகே, 1967இல் முதல் மனித உருவ ஹோலோகிராம் எடுக்கப்பட்டது. ஆக ஒரு ஹோலோகிராம் மூன்று செய்திகளைச் சொல்கிறது: இப்பொருள் இருந்தது, இத்தகட்டின் முன் இருந்தது, அசையாமல் இருந்தது. முன்பு நான் சொன்ன வாக்குறுதி இதுதான்.

நம்மில் பெரும்பாலோர் ஹோலோகிராமைக் கையால் தொட்டது வங்கி அட்டையின் மூலையிலோ மதுப்புட்டியின் முத்திரை ஒட்டியிலோதான் இருக்கும். அங்கும் அதன் வேலை ஒன்றே: இது போலியன்று எனச் சான்றளிப்பது. மெய்த்தன்மைக்கு முத்திரையாக அன்றாட வாழ்வில் பயன்படும் ஒரு சொல், முன்னால் எதுவுமே நிற்காமல் கணினியில் ஆக்கப்பட்ட உருவங்களுக்கு மேடைகளில் பெயராகிவிட்டது. இந்த முரணை மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மேடைகளில் நாம் காண்பவற்றுக்கு வேறு வம்சாவளி உண்டு. 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர், ஹென்றி டிர்க்ஸ் என்பவரின் யோசனையை மேம்படுத்தி, சாய்த்து நிறுத்திய கண்ணாடியில் மறைந்திருக்கும் நடிகரின் பிம்பத்தை விழச்செய்து பேயாகக் காட்டினார். ‘பெப்பரின் பேய்’ என்று அதற்குப் பெயர். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய படலமும், நடிகருக்குப் பதில் காணொளியும் வந்தன, உத்தி மாறவில்லை. 2012இல் கோச்செல்லா இசைவிழாவில் மறைந்த ராப் பாடகர் டூபாக் ‘தோன்றியதும்’, அதே ஆண்டு குஜராத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் ‘பேசியதும்’ இவ்வகையே. இந்தியா கேட்டில் கண்ணாடியும் இல்லை. நேரே திரையில் விழுந்த படம்.

படவீழ்த்தலை நான் இழிவாகக் கருதவில்லை. அது தன்னளவில் பெருங்கலை. நம் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின் விளக்கு எரிகிறது; பாவையின் நிழலும் நிறமும் திரையில் விழுகின்றன; அதைப் பாவை என்றுதான் அழைக்கிறோம். நளினி மலானி சுழலும் ஒளிபுகு உருளைகளில் ஓவியம் தீட்டி, விளக்கொளியில் அவற்றின் நிழல்களைச் சுவரெங்கும் ஓடவிடுகிறார். உருளை சுழல்வதும் விளக்கு எரிவதும் நம் கண்முன்னே நடக்கின்றன. உத்தி ஒளிக்கப்படாததே அப்படைப்புகளின் ஆற்றல். என் மறுப்பு வீழ்த்தலின்மீது அன்று. திரையையும் கருவியையும் மறைத்துவிட்டு, சான்றுக்குரிய பெயரையும் எடுத்துக்கொள்வதன்மீது.

உண்மையான ஹோலோகிராமைக் கொண்டு நிறுவல் கலைஞர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். புரூஸ் நௌமன் 1968இல் தம் முகத்தை இழுத்தும் பிதுக்கியும் கோணலாக்கி, அக்கோணல்களை ஹோலோகிராம்களாகப் பதிந்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மார்கரெட் பென்யன் இவ்வூடகத்தைத் தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். 1972இல் சல்வதோர் தாலி நியூயார்க்கின் நோட்லர் கலைக்கூடத்தில் தம் ஹோலோகிராம்களைக் காட்சிக்கு வைத்தார். ஆஸ்திரேலியரான பவுலா டாசன் 1980இல் ஒரு வீட்டு வரவேற்பறையை முழு அளவில் பதிந்தார். பார்வையாளர் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுபோல் ஆளில்லாத அவ்வறையைப் பார்க்க வேண்டும். லூயி பூர்ஷ்வா தம் எண்பதுகளில், 1998இல், சிறு நாற்காலிகளையும் கட்டிலையும் கண்ணாடிக் குடுவையையும் அடைபட்ட சிற்றறைகளில் இருப்பனபோல் செந்நிற ஹோலோகிராம்களாக்கினார். 2024 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி மையம் கலைஞர்களின் ஹோலோகிராம்களுக்கெனவே ஒரு கண்காட்சி நடத்தியது.

இவற்றுள் பெரும்பாலானவற்றில் மூன்று பண்புகள் பொதுவானவை. முதலாவது, பார்ப்பவர் நகர வேண்டும். தலையை இடப்பக்கம் சாய்த்தால், நாற்காலிக்குப் பின்னே மறைந்திருந்தது தெரிகிறது. வீழ்த்திய படத்தில் எங்கே நின்றாலும் ஒரே தோற்றம்தான். பக்கவாட்டில் போனால் அது தட்டையாகிவிடுகிறது. இரண்டாவது, கூட்டமாகப் பார்க்க இயலாது. ஒளி ஒரு கோணத்தில் விழ, நீங்கள் ஓர் இடத்தில் நின்றால்தான் உருவம் எழும். அருகில் நிற்பவர் காண்பது வேறொன்று. மூன்றாவது, கைப்பேசியில் எடுத்தால் அதில் எஞ்சுவது ஒரு தட்டைப் படமே. ஹோலோகிராமின் முன் போய்த்தான் நிற்க வேண்டும்.

இனி அந்தமானுக்கு வருகிறேன். நான் வசிக்கும் புரோத்ராபூரில் தீவுகளின் மாவட்டச் சிறை இருக்கிறது. சில கிலோமீட்டர் தொலைவில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், 1896க்கும் 1906க்கும் இடையே கட்டப்பட்ட செல்லுலார் சிறை நிற்கிறது. முன்னதில் மனிதர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. பின்னது 1979 முதல் தேசிய நினைவகம். மாலைதோறும் பயணிகள் வரிசையில் அமர்ந்து ஒலி ஒளிக் காட்சி பார்க்கிறார்கள். அக்காட்சியில் நெடுங்காலம் கதை சொல்லிவந்தது ஓர் அரசமரம். மரம் பேசாது என்பது அனைவருக்கும் தெரியும். ஆகவே அது எவரையும் ஏமாற்றவில்லை; கூத்தில் கட்டியக்காரன் பேசுவதைப் போன்ற வெளிப்படையான மரபு அது.

நாளை அந்த மரத்தின் இடத்தில், உயிருள்ளவர்போல் கண்சிமிட்டிப் பேசும் கைதியின் ‘ஹோலோகிராம்’ வரக்கூடும். இது வெறும் அச்சமன்று. 2018 டிசம்பர் 30இல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. 2023 ஜனவரி 23இல் அத்தீவில் அமையவிருக்கும் நேதாஜி தேசிய நினைவகத்தின் மாதிரி வெளியிடப்பட்டது. அருங்காட்சியகம், கம்பிவட ஊர்தி, லேசர் ஒலிக் காட்சி, சிறுவர் கேளிக்கைப் பூங்கா ஆகியவை அத்திட்டத்தில் அடங்கும். புதுதில்லியில் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிரதமர்கள் அருங்காட்சியகத்திலும் ‘ஹோலோகிராம்’ ஓர் ஈர்ப்பாகவே அறிவிக்கப்பட்டது. நம் நினைவகங்கள் எத்திசையில் செல்கின்றன என்பது தெளிவு.

1943 டிசம்பர் 30இல் நேதாஜி போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடி ஏற்றினார். வரலாற்றின் பெருமைக்குரிய கணம் அது; ஒளியில் காட்டுவதற்கு மிக எளிய கணமும்கூட. கொடி, சீருடை, வணக்கம் எல்லாம் அதில் உண்டு. அவர் வந்துபோன ஒரே மாதத்தில், 1944 ஜனவரி 30இல், இதே தெற்கு அந்தமானின் ஹம்ஃப்ரேகஞ்சில் ஜப்பானியப் படையினர், உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டி 44 இந்தியரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு இரு வாரங்களுக்கு முன்புதான், மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் அதே செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குள்ளாகி இறந்திருந்தார். ஜப்பானியர் ஆண்ட 1942–45 காலத்தில் அச்சிறை மீண்டும் சிறையாகவே இயங்கியது.

வீழ்த்திய உருவத்துக்கு எதையும் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. யாரையும் எப்படியும் நிற்கவைக்கலாம், எதையும் பேசவைக்கலாம். அதனால்தான் அது கொடியேற்றத்தைத் தேரும், ஹம்ஃப்ரேகஞ்சைத் தேராது. ஹோலோகிராமுக்கு அந்த உரிமை இல்லை. எஞ்சியிருப்பதைத்தான் அது பதிய முடியும். இந்த இயலாமையே நினைவகத்துக்கு அதைத் தகுதியாக்குகிறது என்பது என் கருத்து.

செல்லுலார் சிறையின் அறைக்கதவை எண்ணிப்பாருங்கள். தாழ்ப்பாள் கதவிலிருந்து விலகி, சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய்ப் பொருந்துகிறது. உள்ளே இருப்பவர் கம்பிகளின் ஊடே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. நேராக எடுத்த ஒளிப்படத்தில் அது ஓர் இரும்புத் துண்டு. பக்கவாட்டில் நகர்ந்து, ஆழத்தைக் கண்ணால் அளந்தால்தான் அந்தக் கட்டுமானத்தின் கொடுமை விளங்கும். இச்சிறையின் சிறகுகள் ஒன்றின் முகப்பு மற்றொன்றின் முதுகைப் பார்க்கும்படி அமைக்கப்பட்டன. ஒரு கைதி மற்றொருவர் முகத்தைக் காணலாகாது என்பதே நோக்கம். தனிமைக்கென்றே கட்டிய இடத்தை நூறுபேர் வரிசையில் அமர்ந்து கைதட்டிப் பார்ப்பதைவிட, ஒருவர் மட்டும் நின்று, தாமே நகர்ந்து, பக்கத்தில் நிற்பவரோடு பகிர இயலாத ஒரு காட்சியாகப் பார்ப்பது அவ்விடத்தின் இயல்புக்கு நெருக்கமானது. ஏழு சிறகுகளில் இன்று நிற்பவை மூன்றே. எஞ்சியுள்ள தாழ்ப்பாள்கள், விலங்குகள், சுவர்க்கீறல்கள் ஆகியவை தேய்ந்தும் துருப்பிடித்தும் போவதற்கு முன், அவற்றின் ஒளியை முழுமையாக எழுதிவைக்கும் ஊடகம் இது. சோவியத் நாட்டு அருங்காட்சியகங்கள், யூரி தெனிசியூக் 1962இல் கண்டறிந்த, சாதாரண வெள்ளொளியிலேயே பார்க்கத்தக்க முறையைக் கொண்டு, வெளியூருக்கு அனுப்ப முடியாத அரும்பொருள்களை இவ்வாறு காட்டியதற்கு முன்னுதாரணமும் உண்டு.

எதிர்வாதங்களையும் எடுத்துக்கொள்வோம்.

முதல் எதிர்வாதம் என் துறையிலிருந்தே வருகிறது: சொல்லின் பொருளை வழக்கு தீர்மானிக்கிறது, மொழியியல் விவரிக்குமேயன்றி விதிக்காது. மெய்தான். பேச்சுவழக்கில் மக்கள் மிதக்கும் உருவம் எதையும் ஹோலோகிராம் என்பதை நான் திருத்தப்போவதில்லை. ஆனால் அருங்காட்சியகத்தின் விளக்க அட்டை பேச்சுவழக்கு அன்று. அது பொறுப்புள்ள நிறுவனம் ஒன்றின் வாக்குமூலம். ‘வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு’ என்று எழுதும் காப்பாட்சியருக்கு உள்ள கடமை, ஒளிக்கும் உண்டு. தமிழில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ‘படிதல்’, ‘வீழ்தல்’ என இரு வினைகள் கையில் உள்ளன. பொருளின் ஒளி படிந்தது ஒளிப்படிவம். கருவி வீழ்த்தியது வீழ்படம். இவ்விரண்டையும் கலைச்சொற்களாகப் பரிந்துரைக்கிறேன். இப்போது வழங்கும் ‘முப்பரிமாணப் படம்’ என்ற தொடர், பார்வை விளைவை மட்டுமே சொல்லி, படம் பிறந்த வழியைச் சொல்லாமல் விடுகிறது.

இரண்டாவது: இது தொழில்நுட்பத் தூய்மைவாதம். இல்லை, தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளை, நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட பின்சஸ் குட்டர் உள்ளிட்டோரைப் பல கேமராக்களால் பதிந்து, பார்வையாளர் கேட்கும் வினாவுக்கு அவர்களே முன்பு கூறிய விடையைத் தேடி ஒலிக்கச்செய்கிறது. அதையும் ஊடகங்கள் ஹோலோகிராம் என்கின்றன, இயற்பியல்படி அன்று. எனினும் அதை நான் ஏற்கிறேன். அங்கே ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வாயிலிருந்து வந்தது. என் அளவுகோல் லேசர் அன்று. எதிரே ஒருவர் இருந்தாரா என்பதே.

இத்தீவுகளில் மொழி ஆய்வு செய்வோருக்கு இந்த அளவுகோல் புதிதன்று. 2010 ஜனவரியில் போவா சீனியர் மறைந்தபோது, பெரிய அந்தமானிய மொழிகளுள் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரும் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிந்துவைத்த அவருடைய குரல் இருக்கிறது. இன்றைய கணினி அக்குரலில் புதிய வாக்கியங்களைப் பேசிக்காட்டலாம். அவை ஒலிக்கும், ஆனால் போ மொழிக்குச் சான்றாகா. குறைந்த தரத்தில், இரைச்சலோடு, இடையில் மூச்சு வாங்கிப் பேசிய பதிவே சான்று. உருவத்துக்கும் இதே நியாயம்தான்.

மூன்றாவது எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது, அதுவே வலுவானது. நியூயார்க்கின் ஹோலோகிராஃபி அருங்காட்சியகம் 1976இல் தொடங்கி 1992இல் மூடப்பட்டது. அதன் சேகரிப்பு எம்ஐடி அருங்காட்சியகத்துக்குப் போனது. உயர்தரத் தகடுகளைச் செய்த ஆக்ஃபா நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் அத்தயாரிப்பை நிறுத்தியது. தகட்டின் ஜெலட்டின் படலம் ஈரத்தில் உப்பி, நிறம் மாறும்; அந்தமானின் காற்றோ ஆண்டில் பெரும்பகுதி ஈரமானது. ஆகவே காற்றுப்புகாத கண்ணாடி உறையும் தொடர்ந்த பராமரிப்பும் தேவை. செலவு உண்டு. ஆனால் லேசர் காட்சிக்கும் படவீழ்த்திக்கும் செலவில்லையா? சில ஆண்டுகளில் கருவி பழுதாகும், மென்பொருள் காலாவதியாகும். நன்கு மூடிவைத்த தகட்டுக்கோ தேவைப்படுவது ஒரே ஒரு விளக்கு.

எனவே என் கோரிக்கைகள் மூன்று. நினைவகங்களிலும் கலைக்கூடங்களிலும் ஒளியுருவம் ஒவ்வொன்றின் அருகிலும் அது படிவமா, வீழ்படமா, கணினி ஆக்கமா என்று எழுதிவைக்க வேண்டும். இறந்தவர் பேசுவதாகக் காட்டினால், அச்சொற்கள் அவருடையவையா, எழுத்தாளருடையவையா என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். செல்லுலார் சிறையிலும் ஹம்ஃப்ரேகஞ்சிலும் எஞ்சியுள்ள பொருள்களை உண்மையான ஹோலோகிராம்களாகப் பதியும் முயற்சியில் இயற்பியல் துறைகளும் நிறுவல் கலைஞர்களும் வரலாற்றாய்வாளர்களும் கூட வேண்டும். முனைவர்பட்ட மாணவர் சிலர் சேர்ந்தாலே, ஒரு தாழ்ப்பாளையும் ஒரு விலங்கையும் கொண்டு தொடங்கிவிடலாம்.

இந்தியா கேட் மண்டபத்தில் இன்று நிற்பது ஏறத்தாழ 65 டன் எடையுள்ள கருங்கல் சிலை. 280 டன் ஒற்றைக் கல்லிலிருந்து 26,000 மனித உழைப்பு மணிகளில் செதுக்கப்பட்டது. கல், உளி, எடை, உழைப்பு எல்லாமே வெளிப்படை. அது சிலை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கல்லுக்கு நாம் காட்டும் அந்த நேர்மையை ஒளிக்கும் காட்டுவோம் என்பதே நான் கேட்பது.